கோப்பிக் காசுக்கு ரசீது கேட்போம்

(கோலா சிலாங்கூர் சிறுவணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கடையை வெள்ளெனவே சாத்திவிட்டு வந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து வாசலிலேயே நிற்கும் தம்பிமாரே! உள்ளே வாருங்கள், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

நான் மண்டபத்துக்குள் வரும்போது சிலர் என் காதோடு சொன்னார்கள்: "பேச்சு நல்லா சூடா இருக்கட்டும், ஆனா படம் மட்டும் எடுக்க வேணாம்." யாருக்குப் பயந்து சொன்னார்கள்? இவர்கள் கடத்தல்காரர்களா? கொலை செய்தவர்களா? ஒருவர் புக்கிட் ரோத்தானில் மளிகைக்கடை வைத்திருப்பவர். இன்னொருவர் முடி திருத்துகிறவர். மற்றவர் மாலையில் வடையும் மீ கோரேங்கும் போடுகிற அக்கா. விடியற்காலையில் எழுந்து, வெள்ளிக்கு வெள்ளி எண்ணிச் சம்பாதித்து, பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள். தங்கள் தொழிலைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கே ஒளிந்து வர வேண்டியிருக்கிறது என்றால், நான் இன்றைக்கு எதைப் பற்றிப் பேச வந்தேனோ அதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. எந்த பாலாய், எந்த சார்ஜன் என்று என் வாயிலிருந்து வராது. அதற்கான இடம் வேறு, வழி வேறு. அதையும் சொல்கிறேன். நடப்பதை மட்டும் இப்போது சொல்கிறேன், உங்கள் கடையில் நடந்ததா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சாயங்காலம் ஆறு மணி, வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம். ஒரு வண்டி வந்து நிற்கும். இறங்குகிறவர் நேராக கல்லாவுக்கு வர மாட்டார். சாமான் அடுக்கியிருக்கும் தட்டைப் பார்ப்பார், பின்கட்டைப் பார்ப்பார், கோப்பை கழுவும் பையனைப் பார்ப்பார். "இவன் பாஸ்போர்ட் எங்கே? லைசன்ஸ் எங்கே ஒட்டியிருக்கு? அந்தப் பெட்டியில என்ன சிகரெட்?" கேள்வி ஒன்றும் தப்பில்லை. சட்டப்படி கேட்கக்கூடியதுதான். ஆனால் பதிலுக்கு அவர் காத்திருக்க மாட்டார். சமான் புத்தகத்தை எடுக்கவும் மாட்டார். பேனாவைக் கூடத் திறக்க மாட்டார். சிரித்துக்கொண்டே, "எப்படி தவுக்கே, செட்டில் பண்ணலாமா?" என்பார். கல்லாப்பெட்டி திறக்கும், மூடும். கோப்பிக் காசு! அவர் குடிக்கிற கோப்பிக்குத் தனியாகக் காசு கேட்டால் கோபம் வேறு வரும்.

வாரம் ஐம்பது வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 2,600 வெள்ளி. பல கடைகளுக்கு ஊராட்சி லைசன்ஸ் கட்டணத்தை விட அதிகமான தொகை இது. லைசன்ஸுக்கு ரசீது உண்டு, இதற்குக் கிடையாது. போன மாசம் கொடுத்தேனே என்று சொல்ல முடியாது, ஆள் மாறியிருப்பார்.

"கொடுத்துட்டுப் போனா என்ன, தொல்லை விட்டுதே" என்று நம் ஆட்களே சொல்கிறார்கள். இந்தப் பேச்சை நான் சும்மா விடப் போவதில்லை. அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். நாம் ஏன் கொடுக்கிறோம்? நல்லவர்களாக இருப்பதால் கொடுக்கவில்லை. நம் கடையில் ஏதோ ஒரு தாள் குறைவாக இருக்கிறது, அதனால் கொடுக்கிறோம். லைசன்ஸ் புதுப்பிக்கிற தேதி தாண்டியிருக்கும். பையனுடைய பெர்மிட் வேறு முதலாளி பேரில் இருக்கும். மேசை நாற்காலி ஐந்தடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சின்னக் குறை இருக்கிறவரைக்கும் நமக்கு வாய் திறக்க உரிமை இல்லை என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொண்டோம்.

அந்தக் குறை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டாமா? முடிதிருத்தம், ஜவுளி, நகைத் தொழில், இந்த மூன்றுக்கும் அந்நியத் தொழிலாளர் வருவதை 2009-இல் அரசாங்கம் நிறுத்தியது. மறுபடி திறந்தது 2023-இல். பதினான்கு வருஷம்! நம் பிள்ளைகள் கத்திரி பிடிக்க வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஊரில் தலைமுடி வளர்வதை அமைச்சரவை நிறுத்தவில்லை. கடை எப்படி ஓடியது? அரைகுறைத் தாளில்தான் ஓடியது. அந்த அரைகுறைத் தாளை யார் யார் வந்து படித்துவிட்டுப் போனார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியும். கதவைப் பூட்டியது மேலே, கதவுக்குக் கீழே கை நீட்டியது வேறு ஆள்.

பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் தம்பிகள் இங்கே இருக்கிறார்கள். இந்தத் தொழிலில் நம்மவர் நிறையப் பேர். உங்களுக்கு 1946-ஆம் வருஷத்துச் சட்டம், பழைய பொருள் வணிகர் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் அது. லைசன்ஸ் கொடுப்பதும் போலீஸ், கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதும் போலீஸ், திருட்டுச் சாமான் இருக்கிறதா என்று சோதிப்பதும் போலீஸ். திருட்டுக் கேபிள் வாங்குகிறவனைப் பிடிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டிய கையே வாசலில் வந்து நிற்கும்போது, அந்தத் தம்பி யாரிடம் போய்ப் புகார் சொல்வான்?

சரி, காசுதானே என்பவர்களுக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில், தூத்துக்குடி மாவட்டத்தில், சாத்தான்குளம் என்று ஓர் ஊர். நம்மில் சிலருடைய தாத்தா கப்பலேறியது அந்தப் பக்கத்திலிருந்துதான். அங்கே கடைவீதியில் ஜெயராஜ் என்பவரும் அவர் மகன் பென்னிக்ஸும் கைத்தொலைபேசிக் கடை வைத்திருந்தார்கள். 2020 ஜூன் 19. கொரோனா ஊரடங்கு. அனுமதித்த நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்தது என்று குற்றச்சாட்டு. கேட்டீர்களா? கொலை இல்லை, கொள்ளை இல்லை. நேரம் கடந்து கடை திறந்திருந்தார்கள் என்பதுதான். அப்பாவைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மகன் என்ன ஏதென்று கேட்கப் பின்னாலேயே போனார். அப்பாவை அடிப்பதைப் பார்த்துத் தட்டிக் கேட்டார். இரண்டு பேரும் உள்ளே. அந்த இரவு முழுக்க அடி.

மறுநாள் காலையில் அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். மருத்துவர் சான்று எழுதுகிறார். மாஜிஸ்திரேட்டிடம் போகிறார்கள். ரிமாண்டுக்கு உத்தரவாகிறது. நெடுந்தூரத்தில் இருக்கும் கோவில்பட்டிக் கிளைச்சிறை. ஜூன் 22 இரவு மகன் செத்தார். விடிந்து 23-ஆம் தேதி காலையில் அப்பாவும் செத்தார்.

அண்ணன்மாரே, அடித்தவர்களைப் பற்றி உலகமே பேசியது. எனக்கு அடித்தவர்களைவிட அந்தக் கையெழுத்துகள்தான் அதிகம் உறுத்துகின்றன. காயத்தோடு வந்த இரண்டு பேரை ஒரு மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். ஒரு மாஜிஸ்திரேட் பார்த்திருக்க வேண்டும். ஒரு சிறை அதிகாரி பார்த்திருக்க வேண்டும். சட்டம் எதற்காக இத்தனை வாசலை வைத்திருக்கிறது? ஏதோ ஒரு வாசலில் யாராவது ஒருவர், "ஏன் இவர் உட்கார முடியாமல் நிற்கிறார்?" என்று கேட்பார் என்ற நம்பிக்கையில்தான். அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எல்லா வாசலிலும் தாள் மட்டும் நகர்ந்தது.

முதல் தகவல் அறிக்கையில் போலீஸ் என்ன எழுதியது தெரியுமா? அவர்களே தரையில் உருண்டு புரண்டார்கள், அதில் காயம் பட்டது என்று. கடைவீதி கேமராப் பதிவு வெளியே வந்தது. உருளவும் இல்லை, புரளவும் இல்லை. காவல் நிலையத்துக் கேமராவோ, அன்றன்றைக்குப் பதிவு தானாகவே அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்தது. கடைக்காரனுடைய கேமரா பேசியது, போலீஸ் கேமரா ஊமையாக இருந்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

அதற்குப் பிறகு இரண்டு பேர் தலை நிமிர்ந்து நின்றார்கள். ஒருவர் விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன். நிலையத்துக்குள்ளேயே ஒரு காவலர் அவரைப் பார்த்து, உன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கேவலமான வார்த்தையில் ஏசினார். நீதிபதிக்கே இந்த மரியாதை என்றால் கடைக்காரனுக்கு எப்படி இருந்திருக்கும்! இன்னொருவர் அதே நிலையத்தில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி. சீருடை போட்ட பெண். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்தது என்று வாக்குமூலம் கொடுத்தார். பயந்து பயந்துதான் கையெழுத்துப் போட்டார், ஆனால் போட்டார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது. வழக்கு சிபிஐ கைக்குப் போய், ஒன்பது காவலர்கள் மேல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஜெயராஜ், பென்னிக்ஸ் மேல் போட்டதே பொய் வழக்கு என்றது சிபிஐ. இதெல்லாம் தானாக நடந்ததா? தமிழ்நாட்டு வணிகர்கள் கடையை அடைத்தார்கள், ஊர் ரோட்டுக்கு வந்தது. அதனால் நடந்தது.

"அது இந்தியா, இங்கே அப்படி இல்லை" என்று யாரோ பின்னால் முணுமுணுக்கிறார். ஐயா, ஈஜோக்கில் லாத்தார் நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் செலாயாங் போய்விடலாம். அங்கே மருத்துவமனையில் 2021 ஏப்ரல் 18-ஆம் தேதி கணபதி என்பவர் இறந்தார். நாற்பது வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். என்ன தொழில்? பால் வியாபாரம். மாட்டுப்பால் விற்கிற மனிதர், நம்மைப் போல. பிப்ரவரி 24-ஆம் தேதி கோம்பாக் போலீஸ் பிடித்து, மார்ச் 8 வரை காவலில் வைத்திருந்தது. வெளியே வந்தவர் நேராக மருத்துவமனைக்குப் போனார். காலை எடுக்க வேண்டியதாயிற்று. ரப்பர்க் குழாயால் அடித்தார்கள் என்று மகன் தன்னிடம் சொன்னதாக அவர் தாயார் சொன்னார். அவருக்கு ஏற்கெனவே இருதய நோயும் நீரிழிவும் இருந்தது என்று போலீஸ் சொன்னது. பிரேதப் பரிசோதனையோ கால்களிலும் தோள்களிலும் பட்ட பலத்த காயங்களைச் சொன்னது. நீரிழிவு தோளில் போய் அடிக்குமா என்று கேட்க நான் மருத்துவன் இல்லை.

அதற்கு முன்னால் குகன். 2009 ஜனவரி, சுபாங் ஜெயா, தைப்பான் போலீஸ் நிலையத்தில் காவலில் இறந்தார். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. 2013-இல் உயர் நீதிமன்றம் அவர் குடும்பத்துக்கு 801,700 வெள்ளி கொடுக்கத் தீர்ப்புச் சொன்னது. அரசாங்கம் இழப்பீடு கொடுக்கிறது என்றால் யார் காசு அது? உங்கள் வரிக்காசு. கல்லாவில் ஒரு தடவை கொடுக்கிறோம், கருவூலத்தில் மறுபடியும் கொடுக்கிறோம்.

இது நம் இனத்துக்கு மட்டும் நடப்பதா என்றால், காவலில் சாகிறவர்களில் நம்மவர் பேர் அடிக்கடி வருகிறது, அதை யாரும் மறைக்க முடியாது. ஆனால் கடைக்காரனை நசுக்குவதில் இனம் பார்ப்பதில்லை. 2021-இல் கிளந்தானில் பர்கர் விற்ற ஒரு மலாய்க்காரருக்கு, நேரம் கடந்து வியாபாரம் செய்தார் என்று 50,000 வெள்ளி அபராதம் எழுதினார்கள். ஐம்பதாயிரம்! பர்கர் கடைக்கு! நாடே கொதித்தது. செகிஞ்சானில் மீன் விற்கிற சீனரும், தஞ்சோங் காராங்கில் நாசி லெமாக் விற்கிற மக்சிக்கும் இந்த விஷயத்தில் நம் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டியவர்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் அழைக்காவிட்டால் நான் வரமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

நல்ல போலீஸ்காரர் இல்லையா? இருக்கிறார்கள். நான் கும்பிடுகிறேன். ராத்திரி ரெண்டு மணிக்குக் கடைக் கதவை உடைக்கும்போது நாம் கூப்பிடுவது அவர்களைத்தான். 2013-இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. அந்தப் பெயர்களில் சிலவற்றை நம் கடைக்காரர்கள் அமைச்சு சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, மாதாமாதம் வசூலுக்கு வந்த பையன்கள் சொல்லித் தெரிந்துகொண்டார்கள். குண்டர் கும்பல் பாதுகாப்புக் காசு கேட்கிறது. நேர்மையான போலீஸ் நமக்கு உயிர். அதனால்தான் சொல்கிறேன், குண்டனிடமிருந்து என்னைக் காப்பாற்ற வேண்டியவரே கோப்பிக் காசு வாங்கினால், நான் குண்டனைப் பற்றி ரிப்போர்ட் கொடுக்க அந்த மேசைக்கு எந்த முகத்தோடு போவேன்? இரண்டு பேருக்கும் கட்டிவிட்டு, சாமான் விலையில் இருபது காசு ஏற்றிவிட்டு, வாங்க வருகிற தோட்டத்துப் பாட்டியிடம் திட்டு வாங்குகிறேன். கடைசியில் அந்தப் பாட்டிதான் கோப்பிக் காசு கட்டுகிறாள்.

அரசாங்கத்துக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். 2004-இல் பிரதமர் அப்துல்லா படாவி ஓர் அரச விசாரணை ஆணையம் அமைத்தார். முன்னாள் தலைமை நீதிபதி முகமட் சைடின் தலைவர். ஆணையம் பொதுமக்களைக் கேட்டது, 2005-இல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. அதில் மையமானது, போலீஸ் மேல் வரும் புகாரைப் போலீஸே விசாரிக்காமல், தண்டிக்கும் அதிகாரம் கொண்ட சுதந்திரமான ஓர் ஆணையம் வேண்டும் என்பது. நல்ல யோசனை. என்ன ஆயிற்று? எதிர்ப்பு வந்தது, தள்ளிப்போனது. 2009-இல் பல அமலாக்கத் துறைகளையும் ஒரே கூடையில் போட்டு ஒரு சட்டம் செய்தார்கள். ஆட்சி மாறி 2019-இல் மசோதா வந்தது, ஆட்சி மறுபடி மாறி அதுவும் போனது. 2022-இல் வேறொன்றை நிறைவேற்றினார்கள், 2023 ஜூலை 1-இல் அது நடப்புக்கு வந்தது. சுதந்திரப் போலீஸ் நடத்தை ஆணையம். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த ஆணையம் விசாரிக்கும், சரி. தண்டிக்குமா? தண்டிக்காது. கண்டுபிடித்ததைப் போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்பிவைக்கும். போலீஸ் படை ஆணையத்தின் தலைவர் யார்? உள்துறை அமைச்சர். உறுப்பினர்களில் ஒருவர்? தேசியப் போலீஸ் படைத் தலைவர். புரிகிறதா? மருமகள் மாமியாரைப் பற்றிப் புகார் கொடுத்தால், விசாரித்துவிட்டு மாமியாரிடமே முடிவு எடுக்கச் சொல்வது போல. போலீஸ் தலைவரின் நிலையான உத்தரவுகளுக்கு உட்பட்டுச் செய்த காரியத்தை அந்த ஆணையம் தொடவும் முடியாது. லாக்கப்பைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் அங்கே என்ன கிடைக்கும்? பினாயில் வாசம் கிடைக்கும்.

ஆனாலும் அதையும் பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்கிறேன். பல்லில்லாத ஆணையத்துக்கு நூறு புகார் போனால், பல் இல்லை என்பது நூறு தடவை பதிவாகும். புகாரே போகவில்லை என்றால் அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, கோலா சிலாங்கூரில் எல்லாம் அமைதி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

இனி நம் கையில் இருப்பது. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், இது மேடைச் சத்தம் இல்லை.

கடைக்கு வருகிறவர் சீருடையில் இல்லை என்றால் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். நீல அட்டை என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும். மஞ்சள் என்றால் அதற்குக் கீழே. வெள்ளை என்றால் ரிசர்வ் போலீஸ். சிவப்பு அட்டை என்றால் வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டவர், அவருக்கு உங்கள் கடையில் கோப்பி வாங்கிக் குடிப்பதைத் தவிர வேறு அதிகாரம் கிடையாது. பேரையும் நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள். பணிவாகக் கேளுங்கள், "துவான், பேர் எழுதிக்கலாமா?" பணிவுக்கும் பயத்துக்கும் நம்மவருக்கு வித்தியாசம் தெரியும்.

கடையைச் சோதித்தால் நீங்கள் கூட நின்று பார்க்கலாம். எடுத்த சாமானுக்குப் பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலின் நகலை, கேட்டால் கொடுக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம். கவனியுங்கள், கேட்டால்! சட்டமே நம் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அக்காமாரே, உங்களைச் சோதிப்பதென்றால் பெண் போலீஸ்தான் சோதிக்க வேண்டும்.

பிடித்தால், ஏன் பிடிக்கிறீர்கள் என்று கேளுங்கள், சொல்ல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. கேள்வி கேட்பதற்கு முன்னால் வீட்டுக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்ல விட வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் விதியே இல்லாதது போல நடந்துகொள்ள முடியாது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பதினான்கு வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால் முதலில் நான்கு நாள், பிறகு மூன்று நாள், அதற்கு மேல் ரிமாண்ட் கிடையாது. மாஜிஸ்திரேட் முன் நிற்கிற அந்தச் சில நிமிஷம்தான் உங்கள் நிமிஷம். சாத்தான்குளத்தில் வீணாய்ப்போன நிமிஷம் அது. அடித்திருந்தால் அங்கேயே வாய்விட்டுச் சொல்லுங்கள், சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது, ரிமாண்டுக்கும் ஜாமீனுக்கும் வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக வக்கீல் வருவார்.

கேமரா. பசார் மாலாமில் கூட இன்றைக்கு நூற்றைம்பது வெள்ளிக்குள் ஒன்று வாங்கலாம். கல்லாவைப் பார்த்து ஒன்று, வாசலைப் பார்த்து ஒன்று. பதிவைக் கடைக்குள் மட்டும் வைக்காதீர்கள், பிள்ளைகளிடம் சொல்லிக் கைத்தொலைபேசிக்கும் போகும்படி செய்யுங்கள். அந்தக் கடைவீதிக் கேமரா ஏன் முக்கியமானது என்று முன்பே சொன்னேன்.

இப்போது கசப்பான ஒன்று. ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம், 2009. லஞ்சம் கேட்டால் சீக்கிரமே புகார் செய்ய வேண்டும் என்பது கடமை. செய்யாவிட்டால் அதுவே குற்றம். கொடுத்தவனும் குற்றவாளி. "தொல்லை விட்டுதே" என்று ஐம்பது வெள்ளி நீட்டினோமே, அந்த நிமிஷத்தில் லைசன்ஸ் தேதி தாண்டிய சின்னக் குறையிலிருந்து பெரிய குற்றத்துக்கு நாமே ஏணி போட்டு ஏறிவிட்டோம். சமான் எழுதச் சொல்லுங்கள்! வாயைத் திறந்து சொல்லுங்கள்: "தப்பு இருந்தா எழுதுங்க துவான், நான் கட்டறேன்." இந்த ஒரு வாக்கியத்துக்கு உள்ள சக்தி எந்தத் தலைவருக்கும் கிடையாது. எழுதினால் அவர் பேர் வரும், நேரம் வரும், காரணம் வரும். பலருக்கு அப்போதுதான் அவசர வேலை ஞாபகம் வரும். சிலர் எழுதிவிடுவார்கள். எழுதட்டும். கட்டுவோம், ரசீது வாங்குவோம், அந்தக் குறையைச் சரி செய்வோம். லைசன்ஸை ஒழுங்காகப் புதுப்பிக்காமல் இங்கே வந்து கைதட்டுகிறவர்களை நான் நம்பவில்லை. கடத்தல் சிகரெட்டை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு என் பேச்சுக்குத் தலையாட்டுகிறவர் யாராவது இருந்தால், அவருக்காகவும் நான் பேசவில்லை.

"நான் ஒருத்தன் எழுதச் சொன்னா, மறுநாள் என் கடைக்கு மட்டும் பத்துத் தடவை வருவானே?" உண்மை. வருவார்கள். தனியாகச் செய்தால் நசுங்குவீர்கள். அதனால்தான் கூட்டம் போட்டோம்.

இந்த மண்ணில் தனியாளாக எதுவும் வென்றதில்லை. தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் செம்பனை நட்டதிலிருந்து, ரப்பரிலும் செம்பனையிலும் முதுகு ஒடிந்தவர்களின் பிள்ளைகள் நாம். 1941-இல் கிள்ளானில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூர் தோட்டங்களில் பரவியது. ஆர்.எச்.நாதன் தலைமை. கூலி உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், உறவுக்காரர் தோட்டத்துக்குள் வந்து போக விடச் சொன்னார்கள். அதோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம். பெரிய சம்பளப் பிரச்சனைக்கு நடுவில் சைக்கிள் எதற்கு என்று அன்றைக்கும் சில புத்திசாலிகள் கேட்டிருப்பார்கள். நாதனை நாடு கடத்தினார்கள், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் செத்தார்கள். வெற்றி உடனே வரவில்லை. ஆனால் இன்றைக்கு இந்த மண்டபத்தில் எந்தப் பையனாவது மானேஜரைப் பார்த்து மோட்டார் சைக்கிளை விட்டு இறங்குவானா? அடித்துச் சொன்னாலும் இறங்க மாட்டான்.

தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு வெளியே வந்து, கையிலிருந்த கொஞ்சப் பணத்தில் கடை போட்டோம். கிராணியிடமிருந்து தப்பி வந்தது வேறொருவரிடம் கைகட்டி நிற்பதற்கா?

ஏற்பாட்டுக் குழுவினர் முடிவு செய்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, ஜெராம், தஞ்சோங் காராங், ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு பேர் பொறுப்பு. ஒரு கடையில் செட்டில் என்ற பேச்சு வந்தால் அந்த நான்கு பேருக்குச் செய்தி. பத்து நிமிஷத்தில் அங்கே போய் நிற்க வேண்டும். சண்டைக்குப் போகவில்லை, சத்தம் போடவும் வேண்டாம். சும்மா நின்று கோப்பி குடித்தால் போதும், கோப்பிக் காசு நான் கொடுக்கிறேன். யாரையாவது பாலாய்க்குக் கூட்டிப்போனால், குடும்பத்தோடு இரண்டு கடைக்காரர் வாசலில் இருக்க வேண்டும், ராத்திரி எத்தனை மணியானாலும். கணபதியின் வீட்டார் தனியாக அலைந்தது போல இன்னொரு வீட்டார் அலையக் கூடாது. ஊழல் தடுப்பு ஆணையத்துக்கும் நடத்தை ஆணையத்துக்கும் புகார் எழுத மலாய் நன்றாகத் தெரிந்த இரண்டு ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். காசு வாங்க மாட்டார்கள், கேட்டுப் பார்த்தேன்.

மேசையில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பேர், கடை, ஊர், தொலைபேசி எண். எழுத விரும்பாதவர்கள் எழுத வேண்டாம், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் கடைக்கும் நாங்கள் வருவோம்.

மாவட்டப் போலீஸ் தலைவருக்கு ஒரு கடிதம் தயாராக இருக்கிறது. மூன்று விஷயம் கேட்கிறோம். கடைச் சோதனைக்கு வரும் அதிகாரிகளின் பேர் நிலையத்தில் பதிவாக வேண்டும். எடுத்த பொருளுக்குப் பட்டியல் நகலைக் கேட்காமலே தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வணிகர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். சட்டத்துக்கு விரோதமான எதையும் கேட்கவில்லை, கெஞ்சவும் இல்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமையகத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வருகிறோம். வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள். அக்கா, நீங்கள் வடை மாவைக் காலையிலேயே ஆட்டி வைத்துவிட்டு வாருங்கள், பன்னிரண்டுக்குள் திரும்பிவிடலாம்.